குறியீடு சொல்வதும் சொல்லாததும்
துணி உலர்த்தியின் வெப்ப உணரியைப் பற்றிய ஒரு திறனாய்வு

துணி காய வைப்பதற்கு ஓர் இயந்திரம் வேண்டும் என்று ஒரு தலைமுறைக்கு முன் யாராவது சொல்லியிருந்தால், கொங்கு நாட்டில் சிரித்திருப்பார்கள். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி வரும் ஆனி, ஆடிக் காற்று ஒரு வேட்டியை அரை மணியில் காய்த்துவிடும். மொட்டை மாடியும் ஒரு கொடிக்கயிறும் இருந்தால் போதுமானதாக இருந்தது. இன்று கோவையில் அடுக்கு வீடுகள் பெருகிவிட்டன. அவற்றுள் பலவற்றில் மாடி பொதுச்சொத்து. முகப்பில் கொடி கட்டக்கூடாதென்று சங்கத்தார் விதி வைத்திருக்கின்றனர். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளிச் சீருடை மூன்று நாள் ஈரமாகவே கிடக்கும். ஆகவே துணி உலர்த்தி வீட்டுக்குள் வந்துவிட்டது. தனியாகவோ, துவைக்கும் இயந்திரத்துடன் இணைந்தோ வருகிறது.

இக்கட்டுரை அவ்வியந்திரத்தின் நன்மை தீமைகளைப் பற்றியதன்று. அதனுடன் வரும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை உண்டு. மூன்று பத்திகள்: திரையில் தோன்றும் குறியீடு, அதன் காரணம், செய்ய வேண்டியது. "வெப்ப உணரி பழுது, சேவை மையத்தை அழைக்கவும்" என்பது அவற்றுள் ஒரு வரி. நாம் நாவலுக்கும் பாடநூலுக்கும் திறனாய்வு எழுதுகிறோம். இந்த ஒற்றைப் பக்கத்துக்கு யாரும் எழுதுவதில்லை. ஒரு நாவல் சரியில்லையென்றால் மூடி வைத்துவிடலாம். இந்தப் பக்கம் சரியில்லையென்றால் சில ஆயிரம் ரூபாய் போகும். போதாத காலமானால் வீட்டில் தீப்பிடிக்கவும் கூடும். எனவே இதுவும் திறனாய்வுக்கு உரியதே.

உணரி செய்யும் வேலை

முதலில் உலர்த்தியினுள் என்ன நடக்கிறது என்பதைக் காண்போம். ஈரத் துணியில் சுமார் 3 கிலோகிராம் நீர் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. ஆகவே மொத்தம் 7,200 கிலோஜூல். அதாவது 2 யூனிட் மின்சாரம். துணியில் ஈரம் உள்ளவரை, தரப்படும் வெப்பத்தின் பெரும்பகுதி ஆவியாதலுக்கே செலவாகிறது. எனவே வெளியேறும் காற்றின் வெப்பநிலை பெரிதாக ஏறுவதில்லை. ஈரம் தீரும் தறுவாயில் வெப்பத்துக்குச் செல்ல வேறு இடமில்லை. வெப்பநிலை விரைந்து உயர்கிறது. இந்த ஏற்றத்தைக் கண்டுகொண்டால் துணி காய்ந்துவிட்டது என்று அறியலாம்.

ஆனைமலையிலும் நீலகிரியிலும் உள்ள தேயிலைத் தொழிற்சாலைகளில் இதே இயற்பியல்தான் வேலை செய்கிறது. உலர்த்தியினுள் நுழையும் காற்று 90 முதல் 100° செ. வரை இருக்கும், ஆனால் தேயிலைத் தயாரிப்பில் தேர்ந்தவர் கண் வைப்பது வெளியேறும் காற்றின்மீதுதான். அது 50 முதல் 55° செ. அளவில் நிற்கவேண்டும். குறைந்தால் இலை வேகும், கூடினால் கருகும். அவர் வெப்பமானியையும் பார்ப்பார், உலர்ந்த தூளைக் கையிலும் எடுத்துப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வெப்பமானியைச் சந்தேகிப்பார். வீட்டு உலர்த்தியில் இப்படிச் சந்தேகப்பட ஆளில்லை. அதில் வெளியேறும் காற்றின் பாதையில் பயறு அளவே உள்ள ஒரு சிறு பொருள் இருக்கிறது. அதன் சொல்லே இறுதிச் சொல். அதற்குத் தெர்மிஸ்டர் என்று பெயர்.

உலோகக் கம்பியைச் சூடாக்கினால் அதன் மின்தடை கூடும் என்பது பள்ளி மாணவருக்கும் தெரியும். தெர்மிஸ்டர் இதற்கு மாறானது. சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். 1833 இல் மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடில் இந்த வினோதத்தைக் கண்டார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்தே அது கடைச் சரக்காயிற்று. இன்று மாங்கனீசு, நிக்கல் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைச் சுட்டு இதைச் செய்கிறார்கள். வீட்டுப் பொருள்களில் அதிகம் காணப்படும் ஒரு வகை 25° செ. இல் 10 கிலோ ஓம் மின்தடை கொண்டது. அது 0° செ. இல் சுமார் 33.6 கிலோ ஓம், 50° செ. இல் 3.6 கிலோ ஓம், 70° செ. இல் 1.76 கிலோ ஓம் என்று இறங்கும். (பீட்டா எனப்படும் மாறிலி 3,950 ஆக உள்ள உணரிக்கு உரிய கணக்கு இது. இக்கட்டுரையின் மற்ற எண்களும் இதே உணரிக்கு உரியவையே.)

இந்த மின்தடையை இயந்திரம் நேராக அளப்பதில்லை. சர்க்யூட் போர்டில் உள்ள 10 கிலோ ஓம் தடை ஒன்றுடன் உணரியைத் தொடரில் இணைத்து, இரண்டுக்கும் சேர்த்து 5 வோல்ட் கொடுத்து, உணரியின் குறுக்கே எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்க்கிறது. 0° செ. இல் 3.85 வோல்ட், 25° செ. இல் 2.5 வோல்ட், 70° செ. இல் 0.75 வோல்ட். இயந்திரம் அறிந்த உலகம் இந்த வோல்ட் எண் ஒன்றுதான். சூட்டை அது பார்த்ததே இல்லை.

அட்டவணையின் முதற் குறை

இனி "வெப்ப உணரி பழுது" என்ற வரிக்கு வருவோம். எப்போது இக்குறியீடு தோன்றும்? அந்த வோல்ட் எண் 5 ஐ ஒட்டியோ சுழியை ஒட்டியோ போகும்போது. இணைப்பு எங்காவது அறுந்தால் 5 வோல்ட். எங்காவது குறுக்காகத் தொட்டுக்கொண்டால் சுழி. அறுந்தது உணரியாக இருக்கலாம். உணரிக்குச் செல்லும் ஒயராக இருக்கலாம். கனெக்டரில் கழன்ற ஒரு பின்னாக இருக்கலாம். எலி கடித்ததாகவும் இருக்கலாம். இயந்திரம் கண்டது "வோல்ட் வரம்புக்கு வெளியே" என்பதை மட்டுமே. அட்டவணையோ அதைத் தூக்கிக் "காரணம்" என்ற பத்தியில் போட்டு, உணரியின் தலையில் பழியைச் சுமத்திவிடுகிறது.

இது சொல் பற்றிய சின்னச் சண்டையன்று. காய்ச்சல் என்பது அறிகுறி. மலேரியா என்பது காரணம். காய்ச்சல் என்று எழுத வேண்டிய இடத்தில் மலேரியா என்று எழுதுகிற மருத்துவரை நாம் ஏற்கமாட்டோம். "உணரிச் சுற்றில் வோல்ட் வரம்பு மீறல்" என்று எழுதியிருந்தால் படிப்பவர் உணரி, ஒயர், கனெக்டர், போர்டு என்று நான்கு இடங்களைப் பார்ப்பார். "உணரி பழுது" என்று எழுதியதால் உணரியை மாற்றுகிறார். குறியீடு மறையாவிட்டால் போர்டை மாற்றுகிறார். போர்டு மாற்றும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டுவதால் துரு தற்காலிகமாக உரசப்பட்டு இயந்திரம் ஓடிவிடுவதும் உண்டு. அப்போது "போர்டுதான் பழுது" என்று எல்லாரும் திருப்தியடைகிறார்கள். தவறான முடிவுக்கு இப்படி ஒரு பொய்ச் சான்றும் கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது குறை: பேசாத பழுது

முதற் குறையாவது பணத்தோடு போகும். அடுத்தது அப்படியன்று. அட்டவணையில் இடமே பெறாத ஒரு பழுதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

உலர்த்தியினுள் எப்போதும் ஈரக்காற்று. கனெக்டரின் பின் நாளடைவில் பச்சை பூக்கிறது. இணைப்பு அறவில்லை, ஆனால் வழியில் 1 கிலோ ஓம் அளவு வீண் தடை முளைத்துவிட்டது என்று கொள்வோம். அறை வெப்பநிலையான 25° செ. இல் உணரியின் தடை 10. இயந்திரத்துக்குத் தெரிவது 11. அதை அது 23° செ. என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு பாகை வேறுபாடு, யார் கவனிக்கப்போகிறார்கள்?

இனி ஹீட்டர் ஓடட்டும். இயந்திரம் 70° செ. இல் ஹீட்டரை நிறுத்துமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. அதாவது 1.76 கிலோ ஓம் தெரிந்தால் நிறுத்தும். வீண் தடை 1 கிலோ ஓம் எப்போதும் உடனிருப்பதால், உணரியின் தடை 0.76 கிலோ ஓம் ஆகும்வரை அது காத்திருக்கும். உணரி அந்த அளவுக்கு இறங்கும் வெப்பநிலை எது என்று கணக்கிட்டுப் பாருங்கள்: 97° செ.! குளிர்ந்த நிலையில் 2 பாகை பிழை. சூடான நிலையில் 27 பாகை பிழை. பிழையை உண்டாக்கிய தடையோ இரண்டிலும் ஒன்றே.

வீண் தடை 2 கிலோ ஓம் ஆகிவிட்டால் கதை இன்னும் விபரீதம். இயந்திரம் எதிர்பார்ப்பது 1.76, வழியில் மட்டுமே 2 இருக்கிறது. உணரியின் தடை சுழிக்குக் கீழே போனாலொழிய இயந்திரம் 70° செ. ஐக் காணவே முடியாது. அப்படியொரு தடை இயற்கையில் இல்லை. உள்ளே எவ்வளவு கொதித்தாலும் "இன்னும் சூடு போதவில்லை" என்றே அது நம்பிக்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும் திரையில் ஒரு குறியீடும் வராது. 1 கிலோ ஓம் வீண் தடை உள்ள உலர்த்தியில் உண்மையான 70° செ. இன்போது வோல்ட் எண் 1.08. அது வரம்புக்குள் இருக்கிறது. ஒழுங்கான, நேர்மையான தோற்றமுள்ள எண். குறியீடு தோன்றவில்லையென்றால் பழுதில்லை என்று அட்டவணை மறைமுகமாகச் சொல்கிறது. அதன் மிகப் பெரிய பொய் இந்த மௌனம்தான்.

நல்லவேளையாக இயந்திரத்தைச் செய்தவர்கள் உணரியை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஹீட்டரின் அருகே ஈருலோகப் பட்டையால் ஆன ஒரு தெர்மோஸ்டாட்டும், ஒருமுறை உருகினால் மீளாத வெப்ப ஃபியூஸ் ஒன்றும் வைத்திருப்பார்கள். இவற்றுக்குப் போர்டின் அனுமதி தேவையில்லை. சூடு மீறினால் தாமே மின்னோட்டத்தைத் துண்டிக்கும். நான் சொன்ன பழுதில் கடைசியில் உருகுவது இந்த ஃபியூஸ்தான். இயந்திரம் நின்றுவிடும். மெக்கானிக் வந்து ஃபியூஸை மாற்றுவார். சில வாரங்களில் மறுபடியும் உருகும். ஃபியூஸ் தரமற்றது என்று சிலர் அதைக் குறுக்காக ஒயர் போட்டு இணைத்துவிடுவதும் நடக்கிறது. மன்னிக்க முடியாத செயல் அது. உண்மை சொன்ன ஒரே சாட்சியின் வாயைக் கட்டுவது போன்றது.

கோவையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஏறக்குறைய இதுவே நடந்தது. துணி கைவைக்க முடியாத சூட்டில் வந்தது; ஃபியூஸ் போயிற்று; மாற்றினார்கள்; மறுபடி போயிற்று. "போர்டு போயிருச்சுங்க, ஹீட்டர் ரிலே ஒட்டிக்குதுங்க" என்று போர்டை மாற்றினார்கள். ஒரு மாதத்தில் மீண்டும் அதே கதை. "ஏனுங் தம்பி, போன மாசந்தான மாத்துனீங்க?" என்று அந்த வீட்டுப் பாட்டி கேட்டதற்கு, "புது போர்டுலயும் அதே கம்ப்ளைண்டுங்க அம்மா" என்று பதில் வந்தது.

அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டாலும் ஹீட்டர் ஓயாமல் எரியும். அவருடைய ஐயம் பொருளற்றதன்று. ஆனால் ஐயத்தைச் சோதிக்க அவர் கையிலிருந்த மல்டிமீட்டரே போதுமானது. அது பைக்குள்ளேயே இருந்துவிட்டது. பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு அளந்தபோது, உணரியின் காலடியில் 6.6 கிலோ ஓம். அதே நேரத்தில் ஒயரின் மறுமுனையில், போர்டில் செருகும் கனெக்டரில், 7.6 கிலோ ஓம். இடையில் காணாமற்போன அந்த 1 கிலோ ஓம் ஒரு பச்சை பூத்த பின்னில் இருந்தது. அந்தப் பின்னை வெட்டியெறிந்து புதிது அடித்தார்கள். செலவு சொல்லும் தரத்தில் இல்லை. இரண்டு போர்டுகளுக்குக் கொடுத்த பணம் திரும்பவில்லை.

அறை வெப்பநிலை என்னும் மாயை

அட்டவணைக்கு அப்பால், பழுது பார்ப்போரிடையே வாய்மொழியாக ஒரு விதி உலவுகிறது: "மீட்டரில் 10 காட்டினால் உணரி நல்லது, காட்டாவிட்டால் தூக்கிப் போடு." இவ்விதி இரண்டு வகையில் ஏமாற்றும்.

ஒன்று, 10 கிலோ ஓம் என்பது 25° செ. இல் மட்டுமே. சித்திரை மாதத்துக் கோவையில் எந்த அறை 25° செ. இல் இருக்கிறது? 35° செ. அறையில் நல்ல உணரி 6.5 கிலோ ஓம் காட்டும். முன்சொன்ன வீட்டில் 6.6 காட்டிய உணரி முற்றிலும் நலமானது. வாய்மொழி விதிப்படி அது குப்பைக்குப் போயிருக்கும். மார்கழி விடியலில் பார்த்தால் அதே உணரி 10 க்கு மேல் காட்டும். மேலும் 10 என்பதே எல்லா உணரிக்கும் பொருந்தாது. 5 கிலோ ஓம், 12 கிலோ ஓம், 50 கிலோ ஓம், 100 கிலோ ஓம் உணரிகளும் பழக்கத்தில் உள்ளன. எந்த உணரி, எந்த வெப்பநிலையில் எவ்வளவு என்ற நான்கு வரிப் பட்டியல் கையேட்டில் இல்லை. பல இயந்திரங்களில் அது சேவை மையத்துக்கு வெளியே கிடைப்பதுமில்லை.

இரண்டாவது, சற்று ஆழமானது. தொடரில் முளைக்கும் வீண் தடை குளிர்ந்த நிலையில் ஒளிந்துகொள்ளும்; சூட்டில்தான் வெளிப்படும் என்று கண்டோம். இதற்கு நேர் எதிரான பழுதும் உண்டு. கனெக்டரின் இரு பின்களுக்கு இடையே ஈரமும் அழுக்கும் பாலம் போட்டுவிட்டால், உணரிக்குப் பக்க இணைப்பில் ஒரு தடை வந்துவிடும். அது 20 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால், 25° செ. இல் தெரிவது 6.7 கிலோ ஓம். இயந்திரம் அதை 34° செ. என்று எண்ணும். 9 பாகை பிழை! ஆனால் 70° செ. இல் அதே பாலம் தருவது வெறும் 2½ பாகைப் பிழை. ஆக, தொடர்ப் பழுது சூட்டில் பொய் சொல்லும். பக்கப் பழுது குளிரில் பொய் சொல்லும். ஒரே ஒரு வெப்பநிலையில் அளந்துவிட்டு உணரி நலம் என்று சான்றிதழ் கொடுப்பது, நோயாளியின் ஒரு கையை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவதற்குச் சமம்.

பெரிய ஆலைகளில் இந்தச் சிக்கலை நெடுநாளாகவே அறிவார்கள். அங்கே வெப்பநிலையை அளக்கப் பெரும்பாலும் பிளாட்டினத் தடையைப் பயன்படுத்துகிறார்கள். அதன் தடை 0° செ. இல் 100 ஓம், 100° செ. இல் 138.5 ஓம். ஒரு பாகைக்கு அரை ஓம் கூட மாறுவதில்லை. ஒயரின் தடையே 1 ஓம் இருந்தால் 2½ பாகைக்கு மேல் பிழையாகிவிடும். ஆகவேதான் மூன்று ஒயர் இழுத்து, ஒயரின் தடையைக் கழித்துவிடுகிறார்கள். வீட்டு உலர்த்தியில் 10,000 ஓம் தெர்மிஸ்டரைத் தேர்ந்தெடுத்ததே, ஒயரின் ஓரிரு ஓம்கள் அங்கே பொருட்டில்லை என்பதால்தான். இரண்டு ஒயர் போதும், மலிவு. அத்தேர்வு சரியானதே. ஆனால் துரு ஓம் கணக்கில் நிற்பதில்லை, கிலோ ஓமில் வளரும் என்பதை மறந்துவிட்டார்கள். திருப்பூரின் சாயப்பட்டறையிலும் பின்னலாடை ஆலையிலும் உலர்த்தி நின்றால் ஷிப்டே நிற்கும் என்பதால், அங்கே முதலில் கனெக்டரைப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வருபவருக்கு அந்தப் பழக்கத்தை யாரும் கற்றுத் தரவில்லை.

கம்பெனிப் பட்டியல் இல்லாமலேயே சோதிக்க வழி உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டுப் பக்கத்துக் கனெக்டரில் ஓர் அளவு. உணரியின் காலடியிலேயே ஓர் அளவு. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். அளக்கும்போது ஒயரை இலேசாக ஆட்டிப் பார்க்கலாம். எண் துள்ளினால் பழுது ஒயரிலோ பின்னிலோ. அடுத்து உணரியைக் கழற்றி, பாலிதீன் உறையில் கட்டி, பனிக்கட்டி மிதக்கும் நீரில் ஐந்து நிமிடம் வைத்து அளக்கலாம். பின்னர் 50° செ. வெந்நீரில். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால், வழக்கமான உணரிகளுக்கு 7 முதல் 9½ வரை வரும், அது எத்தனை கிலோ ஓம் உணரியாக இருந்தாலும். 3 அல்லது 4 வந்தால் உணரி செத்துவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம்.

இவ்வளவு செய்தும் எண்கள் எல்லாம் சரியாக இருந்து, உலர்த்தி மட்டும் அதிகமாகச் சூடேறினால்? உணரி தன் சூட்டை மட்டுமே அறியும். பக்கத்து அறையின் சூட்டை அறியாது. பஞ்சுத்தூசு வடிகட்டி அடைத்துக்கொண்டு காற்றோட்டம் குறைந்தால், ஹீட்டரின் அருகே அனல் தேங்கும். வெளிப்பாதையில் உள்ள உணரியோ மெல்லிய காற்றில் நிதானமாக இருக்கும். 2016 ஆகஸ்டில் லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு தீப்பற்றியது ஒரு துணி உலர்த்தியால்தான். அந்த வகை இயந்திரங்களில் பஞ்சுத்தூசு ஹீட்டரைத் தொட நேர்வது அபாயம் என்று தயாரிப்பாளரான வேர்ல்பூல் நிறுவனமே 2015 இல் எச்சரித்திருந்தது. பிரிட்டனில் அவற்றைத் திரும்பப் பெற உத்தரவானது 2019 இல். அங்கே குற்றவாளி உணரி அன்று. ஆயினும் நம் அட்டவணைகளில் "வடிகட்டியைச் சுத்தம் செய்க" என்பது பெரும்பாலும் துணி சரியாகக் காயாததற்கான பரிகாரமாகவே அச்சாகிறது. தீ என்ற சொல்லை அதன் பக்கத்தில் காணோம்.

கல்லூரியில் நாம் கற்பிப்பது

மெக்கானிக்குக்குத் தெரியவில்லை என்று சொல்வதற்கு முன், நம் ஆய்வுக்கூடத்தையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். இயற்பியல் பட்டப் படிப்பில் தெர்மிஸ்டர் ஒரு பழகிப்போன சோதனை. மாணவர் அதை நீரிலோ எண்ணெயிலோ சூடாக்கி, மின்தடையின் மடக்கைக்கும் தனி வெப்பநிலையின் தலைகீழுக்கும் வரைபடம் போடுகிறார். நேர்கோடு வருகிறது. சாய்விலிருந்து "ஆற்றல் இடைவெளி" கண்டுபிடித்து மதிப்பெண் பெறுகிறார்.

இந்தச் சோதனையின் பெயரே ஐயத்துக்குரியது. பீட்டா 3,950 உள்ள தெர்மிஸ்டரில் இக்கணக்கின்படி 0.68 எலெக்ட்ரான் வோல்ட் வரும். ஜெர்மானியத்தின் இடைவெளி 0.67. ஆகா, பொருந்திவிட்டது என்று மாணவர் மகிழ்கிறார். ஆனால் தெர்மிஸ்டரில் ஜெர்மானியமே இல்லை! சுட்ட ஆக்சைடுகளில் எலெக்ட்ரான் ஓர் அயனியிலிருந்து அடுத்த அயனிக்குத் தாவித் தாவிச் செல்கிறது. சாய்வு தருவது அந்தத் தாவலுக்கான ஆற்றலை. ஜெர்மானியப் பாடத்தின் சூத்திரத்தை ஆக்சைடின்மீது போர்த்தி, தற்செயலாகக் கிடைத்த ஓர் எண்ணைச் சான்றாக்குகிறோம்.

அதைவிடப் பெரிய குறை, மாணவருக்கு எப்போதும் நல்ல தெர்மிஸ்டரையே கொடுப்பது. ஒரு மூடிய பெட்டிக்குள் 1 கிலோ ஓம் தடையைத் தொடரில் ஒளித்துவைத்துக் கொடுத்துப் பாருங்கள். நேர்கோடு சூடான முனையில் வளைந்து படுத்துவிடும். 20 கிலோ ஓமைப் பக்க இணைப்பில் வைத்தால் குளிர்ந்த முனையில் வளையும். பெட்டியைத் திறக்காமலே உள்ளே என்ன பழுது, எத்தனை ஓம் என்று மாணவர் வரைபடத்திலிருந்து சொல்லலாம். செலவு ஒரு ரூபாய்த் தடை. மதிப்பெண் முறையில் "கோடு நேராக வந்தால் முழு மதிப்பெண்" என்று இருக்கும்வரை, வளைந்த கோட்டை மாணவர் ரப்பரால் அழித்து நேராக்கிக் கொண்டுவருவார். அவரே நாளை சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்து, வளைந்த உண்மையை அழித்துவிட்டு அட்டவணையின் நேர்கோட்டை நம்புவார்.

இவ்வூரின் பழைய வழக்கம் வேறாக இருந்தது. 1937 இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்த ஊர் இது. மோட்டார் எரிந்தால் இங்கே அதைத் தூக்கி எறிவதில்லை. சுருளைப் பிரித்து, எந்தச் சுற்று எரிந்தது என்று கண்டு, செம்புக் கம்பி மாற்றிக் கட்டுவார்கள். ரீவைண்டிங் பட்டறைக்காரர் படிப்பில் பத்தாம் வகுப்பைத் தாண்டியிராவிட்டாலும் பழுது எங்கே என்று அளந்து பார்க்காமல் சுருளைப் பிரிக்கமாட்டார். அதே ஊரில், அதே அளவு கெட்டிக்காரத்தனம் உள்ள இளைஞர், குறியீட்டைப் பார்த்து முழுப் பலகையை மாற்றும் கூலியாளாக ஆக்கப்பட்டிருக்கிறார். விவரத்தை மறைத்து வைக்கும் முறையே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

நடுவண் அரசின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. வீட்டு உபயோகப் பொருள்களும் அதன் எல்லைக்குள் வருகின்றன. உதிரி பாகம் எங்கே கிடைக்கும், உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பவை தேவையான செய்திகளே. ஆனால் உதிரி பாகத்தின் விலையைவிட, அந்தப் பாகம் பழுதா இல்லையா என்று அறியும் எண்கள் முதலில் வேண்டும். இயந்திரத்தின் பின்பக்கத் தகட்டில் மின்சுற்றுப் படமும், உணரியின் தடை 0, 25, 50, 70° செ. ஆகிய நான்கு நிலைகளில் எவ்வளவு என்பதும் அச்சிட உள்ளங்கை அளவு இடம் போதும். அதையும் தமிழில் அச்சிடலாம்.

அதுவரை உலர்த்தி வைத்திருப்போர் ஒன்று செய்யலாம். போர்டை மாற்றவேண்டும் என்று சொல்லப்பட்டால், மாற்றுவதற்கு முன் இரண்டு எண்களைப் பில்லின் பின்புறத்தில் எழுதித் தருமாறு கேளுங்கள்: உணரியின் காலடியில் எத்தனை ஓம், போர்டுப் பக்கத்துக் கனெக்டரில் எத்தனை ஓம். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் போர்டை மாற்ற இசையாதீர்கள். வேறுபாடு இல்லாமலிருந்தால் அன்றைய அறை வெப்பநிலையையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். அடுத்த முறை வருபவருக்கு அது பயன்படும்.